ராஜாவின் பெயர் இருக்கிறது, மொழிபெயர்த்தவர் பெயர் எங்கே? பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இளங்கலை ஆங்கிலப் பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வரும் கல்வியாண்டுக்கான புதிய பாடத்திட்டம் போன வாரம் எங்கள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. மூன்றாம் செமஸ்டரில் 'இங்கிலாந்தின் சமூக வரலாறு' பேப்பரைத்தான் முதலில் பார்த்தேன், ஏனென்றால் அதைப் பல வருஷமாக நான்தான் எடுக்கிறேன். இரண்டாம் யூனிட்டில் இதுவரை ஒரு வரி இருந்தது: 'ஆங்கிலத்தில் பைபிள் மொழிபெயர்ப்பு, தொடக்கம் முதல் 1611 வரை'. அந்த வரியைக் காணோம். அதற்குப் பதிலாக, எலிசபெத் கால நாடக அரங்கம், ஸ்பானியக் கப்பற்படை என்று போகிற பட்டியலின் கடைசியில் 'ஜேம்ஸ் மன்னரின் பைபிள்' என்று மட்டும் இருக்கிறது. மிச்சமான மணி நேரங்கள் 'போட்டித் தேர்வு ஆங்கிலம்' என்ற புதுப் பகுதிக்குப் போயிருக்கின்றன.

ஏன் என்று கேட்டேன். உங்கள் குழுவில் ஒருவர் போனில் இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, "அது மத விஷயம், நமக்கு எதுக்கு வம்பு?" இன்னொன்று, "பிள்ளைகளுக்கு அதனால என்ன பிரயோஜனம்?" அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு காரணத்தையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. போனில் பேசித் தீர்கிற விஷயமாகவும் இது தெரியவில்லை. எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்கு அதுதான் காரணம்.

மதம் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் கிறிஸ்தவர் இல்லை. வருஷாவருஷம் சுடலைமாடனுக்குக் கொடை கொடுக்கிற குடும்பம் எங்களுடையது. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு வந்து 19 வருஷம் ஆகிறது, அவ்வளவுதான் இந்த விஷயத்தில் எனக்குள்ள தகுதி.

போன நவம்பரில் விடைத்தாள் திருத்தும் முகாமில் நடந்ததைச் சொன்னால் என் கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். இதே பேப்பர். அதிகாரபூர்வ பைபிளைப் பற்றி, அதாவது ஜேம்ஸ் மன்னரின் பைபிளைப் பற்றி, ஒரு இரண்டு மதிப்பெண் வினா. எங்களுக்குக் கொடுத்த விடைக்குறிப்பில் 'ஜேம்ஸ் மன்னர் 1611-இல் பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்' என்று அச்சடித்திருந்தது. எனக்கு வந்த கட்டில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் அதையே எழுதியிருந்தார்கள், கைடில் அப்படித்தான் இருக்கிறது. பக்கத்தில் திருத்திக்கொண்டிருந்தவர் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். அந்த மாணவர், மன்னர் மொழிபெயர்க்கவில்லை, 47 அறிஞர்கள் சேர்ந்து செய்தார்கள், அவர்களும் பெரும்பகுதியை வில்லியம் டின்டேல் என்பவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தார். இலக்கணப் பிழை நிறைய, ஆனால் விஷயம் அத்தனையும் சரி. விடைக்குறிப்போடு ஒத்துப்போகவில்லை என்று அதற்கு ஒரு மதிப்பெண்தான் கிடைத்தது. தலைமைத் தேர்வாளரிடம் போய்ச் சொன்னேன். குறிப்பில் இருப்பதுதான் இறுதி என்றார். மன்னர் மொழிபெயர்த்தார் என்று எழுதியவர்களுக்கு முழுசாக இரண்டு.

ஜேம்ஸ் மன்னர் அதில் ஒரு வரிகூட மொழிபெயர்க்கவில்லை. 1604-இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் நடந்த கூட்டத்தில் ஒப்புதல் கொடுத்தார், அவ்வளவுதான். நம் ஊர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1715-இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அதை நாம் சீகன்பால்கு மொழிபெயர்த்தது என்று சொல்கிறோம். அவரைக் கப்பலேற்றி அனுப்பிய டென்மார்க் மன்னர் ஃபிரெடரிக் மொழிபெயர்த்தார் என்று எந்த மாணவராவது எழுதினால் நீங்கள் மதிப்பெண் போடுவீர்களா?

சரி, நீங்கள் எடுத்த அந்த ஒற்றை வரியில் என்னவெல்லாம் இருந்தது என்று சொல்கிறேன், வகுப்பில் நான் அதை எப்படி எடுத்தேன் என்பதையும் சேர்த்து.

எங்கள் கல்லூரியில் பாதிக்கு மேல் தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள். அவர்களுடைய பாடப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு ஆங்கில வரிக்கும் மேலே பென்சிலில் பொடிப்பொடியாகத் தமிழ் அர்த்தம் எழுதியிருக்கும். பக்கத்தில் போய் நின்றால் கையை வைத்து மறைத்துக்கொள்வார்கள், அதை ஒரு குறையாக நினைத்து. இந்தப் பாடத்தின் முதல் நாள் நான் வகுப்புக்கு ஒரு படம் கொண்டுபோவேன். பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிற லிண்டிஸ்ஃபார்ன் சுவிசேஷச் சுவடியின் ஒரு பக்கம். 700-ஆம் ஆண்டை ஒட்டி வட இங்கிலாந்தில் தோலில் எழுதப்பட்ட லத்தீன் சுவடி அது, எழுத்தெல்லாம் கோலம் போட்ட மாதிரி இருக்கும். அதிலேயே ஒவ்வொரு லத்தீன் சொல்லுக்கும் மேலே பொடி எழுத்தில் இன்னொரு கை ஓடியிருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்ற குருவானவர் சொல்லுக்குச் சொல் பழைய ஆங்கிலத்தில் அர்த்தம் எழுதிவைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் நற்செய்திகளின் மிகப் பழைய வடிவம் என்று இன்று நமக்குக் கிடைத்திருப்பது அந்தப் பொடி எழுத்துதான். இதைச் சொல்லிவிட்டு வகுப்பைப் பார்த்தேன், முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் தன் புத்தகத்தின் மேலிருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். அந்த வருஷம் முழுக்க அவள் அதை மறைக்கவே இல்லை.

ஆல்ட்ரெட்டுக்கு முன்னாலும் ஆட்கள் உண்டு. 735-இல் ஜாரோ மடத்தில் சாகக் கிடந்த பீட் என்ற துறவி, யோவான் நற்செய்தியைத் தன் மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தார் என்று அவருடைய மாணவர் எழுதிய கடிதம் சொல்கிறது. அந்த மொழிபெயர்ப்பில் ஒரு வரிகூட இன்று இல்லை. ஆல்ஃப்ரெட் மன்னர் தன் சட்டத் தொகுப்பையே பத்துக் கட்டளைகளை ஆங்கிலத்தில் சொல்லித்தான் தொடங்கினார். 1000-ஆம் ஆண்டு வாக்கில் ஆல்ஃப்ரிக் என்ற துறவி ஆதியாகமத்தை மொழிபெயர்த்தபோது முன்னுரையில் தன் பயத்தையும் எழுதிவைத்தார்: படிப்பு குறைந்தவர்கள் இதை வாசித்துவிட்டு, அந்தக் காலத்து முன்னோர்கள் வாழ்ந்த மாதிரியே நாமும் வாழலாம் என்று நினைத்துவிடுவார்களோ என்று. சாதாரண ஆள் வாசித்தால் என்ன ஆகுமோ என்ற கவலை அப்போது ஒரு துறவியின் மனசில் இருந்தது. பின்னால் அது சட்டமாகவே வந்தது.

1066-இல் நார்மன்கள் வந்த பிறகு அரண்மனையில் பிரெஞ்சு, கோயிலில் லத்தீன் என்று ஆகி, ஆங்கிலம் வயல்காட்டு மொழியாகிப்போனது. அப்புறம் 1380-களில் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் விக்ளிஃப் என்ற சமய அறிஞரைச் சுற்றியிருந்தவர்கள் முழு பைபிளையும் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். விக்ளிஃப் பைபிள் என்று பெயர் இருந்தாலும் அவர் கையால் எவ்வளவு செய்தார் என்பது அறிஞர்களுக்குள் இன்னும் தீராத வழக்கு, ஹெரிஃபோர்டு நிக்கலஸ் போன்றவர்களின் உழைப்பு அதில் நிறைய. இந்த இடத்தில் நான் கரும்பலகையில் மூன்று வரி எழுதுவேன். ஆதியாகமத்தில் கடவுள் வெளிச்சத்தை உண்டாக்கும் வரி. விக்ளிஃப் குழுவின் முதல் வடிவத்தில் அது 'பி மேட் லைட், அண்ட் மேட் இஸ் லைட்'. லத்தீன் சொல் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் ஆங்கிலச் சொல்லை அடுக்கியிருக்கிறார்கள். சில வருஷம் கழித்து அவர்களே திருத்திய வடிவத்தில் 'லைட் பி மேட், அண்ட் லைட் வாஸ் மேட்'. 1530-இல் டின்டேல் எபிரேயத்திலிருந்து நேராக எழுதியபோது 'லெட் தேர் பி லைட், அண்ட் தேர் வாஸ் லைட்'. மூன்றையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்வேன். மூன்றாவது வரி வரும்போது வகுப்பில் எல்லோருக்குமே தெரியும், அதுதான் பேசுகிற ஆங்கிலம் என்று. ஒரு மொழி தன் காலில் நிற்கக் கற்றுக்கொள்ள 150 வருஷம் ஆனதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. தமிழை மனசில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் மாற்றி எழுதி, அது ஏன் தப்பு என்று புரியாமல் தவிக்கிற பிள்ளைகளுக்கு இந்த மூன்று வரியைப் போல உதவியது எதுவும் இல்லை.

அந்த 150 வருஷம் சும்மா கழியவில்லை. 1401-இல் மதவிரோதிகளை உயிரோடு எரிக்கலாம் என்று சட்டம் வந்தது. 1409-இல் கேன்டர்பரி பேராயர் அருண்டெல், அனுமதி இல்லாமல் வேதத்தின் எந்தப் பகுதியையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கக் கூடாது, விக்ளிஃப் காலத்து மொழிபெயர்ப்பை வாசிக்கவும் கூடாது என்று ஆணை வெளியிட்டார். விக்ளிஃப் 1384-இலேயே இறந்துபோயிருந்தார். விடவில்லை. 1428-இல் லட்டர்வொர்த் ஊரில் அவருடைய எலும்பைத் தோண்டி எடுத்து எரித்து, சாம்பலை ஸ்விஃப்ட் என்ற சிற்றாற்றில் கொட்டினார்கள். ஜெர்மன் மொழியில் 1466-இலும் இத்தாலிய மொழியில் 1471-இலும் முழு பைபிள் அச்சில் வந்துவிட்டது. இங்கிலாந்துக்கு 1476-இலேயே அச்சு இயந்திரம் வந்திருந்தும் ஆங்கிலத்தில் முழு பைபிள் அச்சில் வர, 1535-இல் கவர்டேல் அதை வெளியிடும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1519-இல் கோவன்ட்ரியில் நடந்ததை, விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்களின் கதைகளைத் தொகுத்த ஜான் ஃபாக்ஸ் எழுதிவைத்திருக்கிறார். சில ஆண்களையும் ஸ்மித் என்ற ஒரு விதவையையும் பிடித்தார்கள், ஆண்களில் பெரும்பாலோர் செருப்பு தைக்கிறவர்கள். அவர்கள் செய்த குற்றம், தங்கள் பிள்ளைகளுக்குப் பரமண்டல ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பெண்ணை மட்டும் வீட்டுக்குப் போகச் சொல்லி விட்டுவிட்டார்கள். இருட்டிவிட்டது என்று நீதிமன்றச் சேவகன் ஒருவன் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். போகும்போது அவளுடைய சட்டைக் கைக்குள் காகிதம் சரசரக்கிற சத்தம் கேட்டது. என்ன இது என்று உருவிப் பார்த்தால், அந்த ஜெபமும் கட்டளைகளும் எழுதிய சுருள். திரும்ப இழுத்துக்கொண்டு வந்து மற்றவர்களோடு சேர்த்து அவளையும் எரித்தார்கள். இதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் குரல் கம்மிவிடும். ஒரு தாள், கையால் எழுதியது, தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு தாய் வைத்திருந்தது. இதை மத விஷயம் என்று ஒதுக்கினால், ஒரு தாய் தன் மொழியில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததற்காகக் கொல்லப்பட்டதை வேறு எந்தப் பாடத்தில் சொல்வது? இது எந்த மதத்துக்கும் பிரச்சாரம் ஆகாது. எரித்தவர்களும் எரிக்கப்பட்டவர்களும் ஒரே கடவுளைக் கும்பிட்டவர்கள்.

இனி டின்டேல். குளோஸ்டர்ஷயர் பக்கத்துக்காரர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், கிரேக்கம் தெரிந்தவர். வாதம் பண்ணிய ஒரு குருவிடம், இன்னும் சில வருஷத்தில் ஏர் ஓட்டுகிற பையன் உன்னைவிட அதிகமாக வேதம் தெரிந்தவனாக இருக்கும்படி செய்வேன் என்று சொன்னார் என்று ஃபாக்ஸ் எழுதுகிறார். லண்டன் ஆயர் டன்ஸ்டாலிடம் போய் ஆதரவு கேட்டார், தன் வீட்டில் இடம் இல்லை என்று அவர் அனுப்பிவிட்டார். 1524-இல் நாட்டை விட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. கொலோனில் புதிய ஏற்பாட்டை அச்சுக்குக் கொடுத்தார். அச்சகத்து ஆட்கள் குடித்துவிட்டு உளறியதில் விஷயம் வெளியே வந்து, பாதி அச்சான தாள்களை அள்ளிக்கொண்டு ரைன் நதியில் வார்ம்ஸ் நகரத்துக்குத் தப்ப வேண்டியதாயிற்று. கொலோனில் அச்சானதில் மத்தேயு 22-ஆம் அதிகாரம் வரைக்குமான ஒரு துண்டுதான் இன்று இருக்கிறது. 1526-இல் வார்ம்ஸில் முழுப் புதிய ஏற்பாடும் வந்தது, துணி மூட்டைகளுக்குள் ஒளித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அதே வருஷம் டன்ஸ்டால் அவற்றைப் பிடித்து லண்டன் புனித பவுல் தேவாலயத்தருகே கொளுத்தினார். ஆயிரக்கணக்கில் அச்சான அந்தப் பதிப்பில் இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பது மூன்று பிரதி. கையடக்கமான புத்தகம், மடியில் செருகிக்கொள்ளலாம். அதற்காகவே அந்த அளவில் அச்சடித்தார்கள்.

அதில் இருந்த நான்கு சொற்கள்தான் பெரிய சண்டைக்குக் காரணம், மொழி சொல்லிக்கொடுக்கிற நாம் தவறவே விடக்கூடாத இடம் இது. திருச்சபை 'சர்ச்' என்று சொன்ன இடத்தில் அவர் 'காங்கிரிகேஷன்' என்று போட்டார். 'பிரீஸ்ட்' இருந்த இடத்தில் முதலில் 'சீனியர்', பிறகு 1534-இல் திருத்தி 'எல்டர்'. 'டூ பெனன்ஸ்' என்பதற்கு 'ரிபென்ட்'. 'சாரிட்டி'க்கு 'லவ்'. தாமஸ் மோர் போன்ற பெரிய அறிவாளி பக்கம் பக்கமாக இதைத் தாக்கி எழுதியது சும்மா இல்லை. குரு இல்லாமல், அவர் விதிக்கிற பரிகாரம் இல்லாமல், ஒரு கூட்டமும் அதற்கு ஒரு மூப்பரும் ஒருவருடைய மனசும் போதும் என்று இந்த நான்கு சொல்லும் சொல்லிவிட்டன. ஒரு தடவை இதை விளக்கிக்கொண்டிருந்தபோது சிஎஸ்ஐ குடும்பத்துப் பையன் ஒருவன் எழுந்து, "மேடம், எங்க தமிழ் பைபிள்ல சபை, மூப்பர், மனந்திரும்புங்கள், அன்புன்னு இந்த நாலும் அப்படியேதான் இருக்கு" என்றான். நான் அதுவரை யோசித்ததில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தமிழ் வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன், அவன் சொன்னது சரி.

1535-இல் ஆன்ட்வெர்ப் நகரில் ஒருவன் நண்பனாகப் பழகிக் காட்டிக்கொடுத்து, டின்டேலை வில்வோர்டே கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். அங்கிருந்து அவர் லத்தீனில் எழுதிய ஒரே ஒரு கடிதம் மிஞ்சியிருக்கிறது. குளிர்காலம் வருகிறது, தலையில் சளி கட்டித் தொல்லைப்படுகிறேன், பறிமுதல் செய்த என் சாமான்களிலிருந்து கதகதப்பான ஒரு தொப்பி கொடுங்கள் என்று கேட்கிறார். இருக்கிற கோட்டு மெல்லிசு, கொஞ்சம் கெட்டியானது வேண்டும். கால்சட்டைக்கு ஒட்டுப்போட ஒரு துண்டுத் துணி. சாயங்காலத்துக்கு ஒரு விளக்கு, இருட்டில் தனியாக உட்கார்ந்திருப்பது சலிப்பாக இருக்கிறது. இதெல்லாம் சொல்லிவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக, என்று எபிரேய பைபிளையும் எபிரேய இலக்கணத்தையும் எபிரேய அகராதியையும் கேட்கிறார். பழைய ஏற்பாடு அவர் கையில் பாதியில் நின்றிருந்தது. 1536 அக்டோபரில் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தார்கள். அடுத்த வருஷமே இங்கிலாந்தில் மன்னரின் அனுமதியோடு ஒரு பைபிள் வந்தது, தாமஸ் மேத்யூ என்ற புனைபெயரில். தொகுத்தவர் டின்டேலின் நண்பர் ஜான் ரோஜர்ஸ், உள்ளே இருந்தது பெரும்பகுதி டின்டேல். பழைய ஏற்பாடு முடிகிற இடத்தில் அலங்காரமாக இரண்டு பெரிய எழுத்து மட்டும் அச்சடித்திருக்கும்: டபிள்யூ, டி. பெயரை முழுசாகப் போட முடியாத காலத்தில்கூட ரோஜர்ஸ் அந்த இரண்டு எழுத்தையாவது போட்டார். 1555-இல் அவரையும் எரித்தார்கள்.

நம் பாடத்திட்டத்தில் அந்த இரண்டு எழுத்துகூட இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1538-இல் கோயிலுக்குக் கோயில் ஆங்கில பைபிள் வைக்கச் சொன்ன அதே எட்டாம் ஹென்றி, 1543-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். யார் யார் ஆங்கில பைபிளை வாசிக்கக் கூடாது என்று அதில் பட்டியலே இருக்கிறது: பெண்கள், கைவினைஞர்கள், தொழில் பழகுகிறவர்கள், தினக்கூலிக்குத் தொழில் செய்கிறவர்கள், வேலைக்காரர்கள், விவசாயிகள், கூலியாட்கள். பிரபு வீட்டுப் பெண்கள் மட்டும் தனியாக உட்கார்ந்து தங்களுக்குள் வாசித்துக்கொள்ளலாம். இதை வகுப்பில் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள், அப்பாக்கள் கொத்து வேலை, காட்டு வேலை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "மேடம், இந்த கிளாஸ்ல ஒருத்தரும் மிஞ்சமாட்டோமே" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற ஆட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேன். 1546-இல் அவர் வாங்கிய வேறொரு புத்தகத்தில் தன் கையால் எழுதிவைத்திருக்கிறார்: மேய்ப்பர்கள் வாசிக்கக் கூடாது என்று புதிய ஏற்பாட்டைத் தடுத்துவிட்ட நேரத்தில் இந்தப் புத்தகத்தை வாங்கினேன், கடவுள் அந்தக் குருட்டுத்தனத்தைச் சரிசெய்ய வேண்டும், இதை எழுதியது செயின்ட்பரி குன்றில் ஆடு மேய்க்கும் ராபர்ட் வில்லியம்ஸ். அந்த வகுப்பில் அப்பா ஆட்டுக்கிடை போடுகிற ஒரு மாணவன் இருந்தான், எதற்கும் வாயைத் திறக்காதவன். மணி அடித்த பிறகு வந்து, அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் இருக்கிறபடியே எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனான்.

பிரயோஜனம் என்ன என்று கேட்டீர்கள். இது ஒன்று.

வேலைக்கு உதவுகிற பிரயோஜனம்தான் வேண்டும் என்றாலும் இருக்கிறது. 'போட்டித் தேர்வு ஆங்கிலம்' பகுதிக்கு நீங்கள் கொடுத்திருக்கிற மரபுத்தொடர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 'ஸ்கேப்கோட்', 'தி பவர்ஸ் தட் பி', 'ஃபைட் தி குட் ஃபைட்'. மூன்றும் டின்டேலின் பைபிளில் உள்ளவை. பட்டியலில் ஸ்கேப்கோட்டுக்குப் பலிகடா என்று அர்த்தம் போட்டிருக்கிறீர்கள். இன்றைய வழக்குக்கு அது சரி. ஆனால் டின்டேல் அந்தச் சொல்லை உண்டாக்கிய லேவியராகமம் 16-இல் அந்த ஆட்டை வெட்டவில்லை. ஊருடைய பாவத்தை அதன் தலையில் சுமத்தி வனாந்தரத்துக்குப் போகவிடுகிறார்கள், அதனால்தான் தப்பிப்போகிற ஆடு. நம் தமிழ் வேதாகமத்தில் அதற்குப் 'போக்காடு' என்று இருக்கிறது, எவ்வளவு அழகான சொல் பாருங்கள். ஒரு சொல்லின் பின்னால் இருக்கிற இந்தக் கதையைத் தெரிந்துகொண்ட பிள்ளை அந்தச் சொல்லை எந்தத் தேர்விலும் மறக்காது. கதையை எடுத்துவிட்டுப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்கிறீர்கள்.

1611-ஐ நான் குறைத்துப் பேசவில்லை. அந்த 47 பேரின் உழைப்பு பெரிது, அதன் ஓசை இன்றும் ஆங்கிலத்தில் கேட்கிறது. ஆனால் அவர்களே தங்கள் முன்னுரையில், புதிதாக ஒரு மொழிபெயர்ப்பு செய்வது நோக்கமில்லை, நல்லதாக இருந்ததை இன்னும் நல்லதாக்குவதுதான் நோக்கம் என்று ஒளிவு மறைவில்லாமல் எழுதியிருக்கிறார்கள். அதன் புதிய ஏற்பாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் டின்டேலின் சொற்கள் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். மன்னர் தரப்பிலிருந்து வந்தது விதிகள். அதில் மூன்றாவது விதி பழைய திருச்சபைச் சொற்களை மாற்றக் கூடாது என்கிறது, 'சர்ச்' என்பதைக் 'காங்கிரிகேஷன்' என்று மொழிபெயர்க்கக் கூடாது என்று அந்தச் சொல்லையே எடுத்துச் சொல்கிறது. 'லவ்' திரும்பவும் 'சாரிட்டி' ஆனது. 1881-இல் திருத்திய பதிப்பு வந்தபோதுதான் அது மறுபடி 'லவ்' ஆயிற்று. இதையெல்லாம் தெரியாமல் 'ஜேம்ஸ் மன்னரின் பைபிள்' என்று ஒரு குறிப்பை மட்டும் மாணவர் எப்படிப் புரிந்துகொள்வார்?

குழுவிடம் நான் கேட்பது இவை.

நீக்கிய அந்த வரியை இரண்டாம் யூனிட்டில் திரும்பச் சேருங்கள், அதற்கு ஆறு மணி நேரமாவது ஒதுக்குங்கள். மரபுத்தொடர் பட்டியலை அந்த ஆறு மணிக்குள்ளேயே சேர்த்து நடத்த முடியும், மேலே சொன்ன மாதிரி. யூனிட்டின் பெயரை மாற்ற முடியாது என்றால், குறைந்தபட்சம் விக்ளிஃப், டின்டேல், கவர்டேல் என்று மூன்று பெயரையாவது அதில் அச்சடியுங்கள். டின்டேலின் சிறைக் கடிதம், வெளிச்சத்தைப் பற்றிய அந்த மூன்று வரி, ராபர்ட் வில்லியம்ஸின் குறிப்பு ஆகிய மூன்றையும் கட்டாய வாசிப்பாக வையுங்கள், எல்லாம் சேர்த்தே இரண்டு பக்கம் வராது.

ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்த்தார் என்ற விடைக்குறிப்பைத் தேர்வுப் பிரிவுக்கு எழுதித் திரும்பப் பெறச் செய்யுங்கள். அடுத்த தேர்வுக்கு முன்னால் இது நடக்க வேண்டும். போன நவம்பர் தேர்வில் சரியான விடை எழுதி மதிப்பெண் இழந்த பிள்ளைகளின் தாள்களை, மறுமதிப்பீட்டுக் கட்டணம் கேட்காமல் நீங்களே எடுத்துத் திருத்துங்கள். ஒரு மதிப்பெண்தானே என்று தோன்றலாம், அந்த ஒரு மதிப்பெண்ணில் அரியர் விழுந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனி எந்தப் பாடப்பகுதியை நீக்கினாலும், வரைவை இணைவுக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு மாதம் முன்பே அனுப்பிக் கருத்துக் கேளுங்கள், நீக்கியதற்கான காரணத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். போனில் சொன்ன காரணத்துக்கு எங்களால் பதில் எழுத முடியாது.

ஜூனில் வகுப்புகள் தொடங்குவதற்கு முன் எழுத்து வடிவில் ஒரு பதில் வேண்டும். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் என் செலவில் வருகிறேன். மேலே சொன்ன மூன்று பகுதிகளையும் சொற்பொருளோடு நாலு பக்கத்தில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், கேட்டால் இன்றைக்கே அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
இணைவுக் கல்லூரி ஒன்றின் ஆங்கில உதவிப் பேராசிரியை